படகில் ஒரு கைத்துப்பாக்கி: நீர்மேல் செல்லும் சட்டம் பற்றிச் சில குறிப்புகள்

2023 ஆம் ஆண்டு ஆடி மாதம், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் வசிக்கும் என் சித்தியின் மகனிடம் ஒரு கிழமை தங்கியிருந்தேன். அற்லான்ரா நகருக்கு வடகிழக்கே லனியர் என்றொரு பெரிய ஏரி உண்டு. அதில் ஓடவென்று தம்பி சிறிய மோட்டார் படகொன்றைப் பழசாக வாங்கியிருந்தான். ஞாயிறு காலை பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனோம். சின்னவளுக்கு உயிர்காப்பு அங்கி எடுப்பதற்காகப் படகின் ஆசனத்துக்குக் கீழிருந்த பெட்டியைத் திறந்தேன். அங்கிகளுக்கு மேலே, ஒரு துவாயில் சுற்றியபடி, கைத்துப்பாக்கியொன்று கிடந்தது.

"இதென்னடாப்பா?" என்றேன்.

"ஒண்டுமில்லை அண்ணை, சும்மா பாதுகாப்புக்கு. இஞ்சை இதுக்கு லைசென்சும் தேவையில்லை" என்றான்.

அவனது நியாயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவன் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்தவன். ஒருமுறை அவனது நெற்றியில் துப்பாக்கியை வைத்துக் காசுப்பெட்டியைக் காலி செய்துகொண்டு போனார்கள். அதன்பின் வாங்கியதுதான் இது. சட்டப்படி, கடையில் பெயர் பதிந்து, பின்னணிச் சோதனை முடித்து வாங்கியது. நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவர் அந்நாட்டில் துப்பாக்கி வாங்கத் தடையில்லை. லைசென்ஸ் தேவையில்லை என்று அவன் சொன்னதும் பொய்யல்ல. 2022 சித்திரையில் ஜோர்ஜியா இயற்றிய சட்டத்தின்படி, தகுதியுடைய ஒருவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடம்பில் கொண்டு திரியலாம்.

ஆனால் படகை நீரில் இறக்கும் சரிவுப்பாதையின் தொடக்கத்தில் ஓர் அறிவித்தற்பலகை நின்றது. அதில் ஆயுதங்களுக்குத் தடை என்றிருந்தது. மாநிலம் ஆமென்கிறது, பலகை இல்லையென்கிறது. இரண்டில் எது சரி? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். துவக்குகளை விட்டு ஓடிவந்த நமக்கு இதெல்லாம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். நம்மவரில் பலர் இன்று படகு வைத்திருக்கிறார்கள், மீன்பிடிக்கிறார்கள், வேட்டைக்கும் போகிறார்கள், சிலர் துப்பாக்கியும் வைத்திருக்கிறார்கள். அகதியாக வந்தவர் இந்தச் சட்டத்தில் வழுக்கினால் விழும் பள்ளம் பிரசைக்கு இருப்பதைவிட ஆழமானது. அதனால்தான்.

1. ஏரி யாருடையது?

முதற் கேள்வி துப்பாக்கியைப் பற்றியதல்ல, தண்ணீரைப் பற்றியது. லனியர் இயற்கையான ஏரியல்ல. 1950களில் சற்றாகூச்சி ஆற்றை மறித்துப் பியூபோர்ட் அணையைக் கட்டியதால் உண்டான நீர்த்தேக்கம். கட்டியதும் இன்றுவரை பராமரிப்பதும் அமெரிக்க இராணுவத்தின் பொறியியற் படை. அணைகள், நீர்த்தேக்கங்கள், கப்பற் கால்வாய்கள் போன்ற குடிசார் வேலைகளைச் செய்யும் பிரிவு அது. நாடெங்கும் 400க்கும் மேற்பட்ட ஏரி, ஆற்றுத் திட்டங்கள் அதன் கையிலிருக்கின்றன. இராணுவத்துக்குச் சொந்தமான நிலம் என்றதும் நமக்கு முட்கம்பியும் மண்மூட்டையும் உயர் பாதுகாப்பு வலயமுமே நினைவில் வரும். இங்கே அந்த நிலத்தில் கூடாரமடிக்கிறார்கள், இறைச்சி வாட்டுகிறார்கள், பிள்ளைகள் நீந்துகின்றன.

இந்தப் பொறியியற் படை தன் ஏரிகளுக்கென வைத்திருக்கும் விதிகளில் ஆயுதம் பற்றியதும் ஒன்று. நான் போன காலத்தில் நடைமுறையிலிருந்த அவ்விதியின் சாரம் இது: ரவை நிரப்பிய துப்பாக்கி, ரவை, வில், அம்பு முதலியவற்றை வைத்திருத்தல் தடை. விலக்குகள் நான்கு. சட்டத்தை அமுல்படுத்தும் உத்தியோகத்தராயிருத்தல்; அனுமதிக்கப்பட்ட வேட்டைக்கோ மீன்பிடிக்கோ பயன்படுத்துதல் (அப்போதும் அவ்விடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் வெறுமையாக இருக்கவேண்டும்); அங்கீகரிக்கப்பட்ட சுடுபயிற்சித் திடலில் பயன்படுத்துதல்; மாவட்டத் தளபதியின் எழுத்துமூல அனுமதி பெற்றிருத்தல். "பாதுகாப்புக்கு" என்றொரு ஐந்தாவது விலக்கு இல்லை. ரவை தனியாகவும் தடைப்பட்டியலில் இருப்பதைக் கவனிக்கவேண்டும். வெறும் துப்பாக்கியை வைத்திருக்கலாம், அதற்குரிய ரவையை வைத்திருக்கலாகாது!

இதே ஆற்றில் அணைக்குச் சற்றுக் கீழே போனால் கதை மாறுகிறது. அங்கிருந்து 48 மைல் நீளத்துக்குச் சற்றாகூச்சி ஆற்றுத் தேசியப் பொழுதுபோக்குப் பிரதேசம் இருக்கிறது. 1978 இல் உருவாக்கப்பட்ட அது தேசியப் பூங்காச் சேவையின் கீழ் வருகிறது. பூங்காக்களிலும் முன்னர் ரவை நிரப்பிய துப்பாக்கி தடையாகவே இருந்தது. 2009 வைகாசியில் கடனட்டை நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை அமெரிக்கக் கொங்கிரஸ் நிறைவேற்றியபோது, அதனோடு சம்பந்தமேயில்லாத ஒரு பிரிவை அதில் ஒட்டிவிட்டார்கள். தேசியப் பூங்காக்களிலும் வனவிலங்குப் புகலிடங்களிலும் துப்பாக்கி வைத்திருப்பதை அந்தந்த மாநிலச் சட்டமே தீர்மானிக்கும் என்பது அந்தப் பிரிவு. 2010 மாசி 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பொறியியற் படையின் ஏரிகள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே ஒரே ஆறு, ஒரே மாநிலம், ஒரே மனிதர், ஒரே துப்பாக்கி; அணைக்கு மேலே குற்றம், கீழே உரிமை. தண்ணீருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. படகோட்டிக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

2. நீதிமன்றங்கள் என்ன சொல்லின?

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அது தனிமனித உரிமைதான், முக்கியமாக வீட்டினுள் தன்னைக் காக்கும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008 இல் ஹெல்லர் வழக்கில் தீர்த்தது. அதன்பின் இந்த ஏரி விதி இரண்டு இடங்களில் சவாலுக்குள்ளானது.

2014 இல் ஐடாஹோ மாநிலத்திலிருந்த கூட்டாட்சி நீதிபதி விதிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். ஏரிக்கரையில் ஒருவர் அடித்துத் தங்கும் கூடாரம் அந்நேரத்தில் அவருக்கு வீடு போன்றது, வீட்டுக்குள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்பது அவரது தர்க்கத்தின் ஒரு முக்கிய இழை. 2015 இல் ஜோர்ஜியாவின் அலற்றூனா ஏரி தொடர்பான வழக்கில் பதினோராவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் வேறு திசையில் சென்றது. விதியை இடைக்காலமாக நிறுத்தி வைக்குமாறு கேட்டவர்களின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. இது அரசு தன் பிரசைகளை ஆளும் இடம் மட்டுமல்ல, அரசுக்குச் சொந்தமான, அணை எனும் முக்கிய கட்டமைப்பு அமைந்த நிலம். உடைமையாளர் தன் காணியில் நிபந்தனை விதிக்கலாம். விரும்பாதவர் வேறிடம் போகலாம் என்பது அதன் பார்வை.

2022 இல் புரூவன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியேயும் கைத்துப்பாக்கி கொண்டு செல்லும் உரிமை உண்டென்றது. ஒரு கட்டுப்பாடு செல்லுமா என்பதை அந்நாட்டின் வரலாற்று மரபை வைத்தே அளக்கவேண்டும் என்றும் கூறியது. பழைய தீர்ப்புகளை மீண்டும் கிளப்புவதற்கு அது கதவைத் திறந்தது. அதற்கு முன்னரே, 2020 சித்திரையில், மாநிலச் சட்டத்துக்கு இணங்கத் தன் விதியைத் தளர்த்தும் முன்மொழிவொன்றைப் பொறியியற் படையே வெளியிட்டிருந்தது. எனவே போகுமுன் அந்த ஏரியின் அலுவலகத்தில் அன்றைய விதியைக் கேட்டறிவதே புத்தி. விதி ஒருநாள் முற்றாக மாறினாலும், நான் பின்னால் சொல்லப்போவது மாறாது.

3. வாத்துக்கு ஆம், மனிதனுக்கு இல்லை

ஏரியில் துவக்கு முற்றாக இல்லையென்று எண்ணிவிடக்கூடாது. வாத்துப் பருவத்தில் வேட்டைக்காரர் படகுகளில் துவக்குடன்தான் போகிறார்கள். அதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. புலம்பெயர் பறவைகளைக் காக்க அமெரிக்காவும், கனடாவுக்காகப் பிரித்தானியாவும் 1916 இல் ஒப்பந்தம் செய்தன. 1918 இல் அமெரிக்கா அதைச் சட்டமாக்கியது. அதற்கு முந்திய காலத்தில் சந்தைக்காக வேட்டையாடியோர், தோணியின் முன்பக்கத்தில் பீரங்கி போன்ற பெருந்துவக்கைக் கிடையாகப் பொருத்தி, ஒரே வெடியில் நீரில் மிதக்கும் கூட்டத்தையே சாய்த்தார்கள். அவ்வகைத் துவக்குகள் இன்று தடை. மோட்டார் பூட்டிய படகிலிருந்து சுடுவதானால் இயந்திரம் முற்றாக நிறுத்தப்பட்டிருக்கவேண்டும். அதுமட்டும் போதாது, அந்த வேகத்தில் படகு நகர்ந்துகொண்டிருப்பதும் ஓய்ந்திருக்கவேண்டும். பறவைச் சுடுதுவக்கில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் அடங்கலாகாது. நீரில் விழும் ஈயக் குண்டுகளைத் தின்று பறவைகள் நஞ்சேறிச் செத்ததால் நீர்ப்பறவை வேட்டையில் ஈயமும் 1991 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது.

தம்பிக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. "வாத்தைச் சுட விடுவாங்களாம். என்னைக் காப்பாத்திறதுக்கு விடமாட்டாங்களாம். இது என்ன ஞாயம் அண்ணை?" என்று கேட்டான்.

கேள்வி கூர்மையானது. எனக்குப் பட்ட விடை இது. வாத்தைச் சுட வருபவரின் நோக்கம், காலம், இடம், எண்ணிக்கை எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம், சோதிக்கலாம். பாதுகாப்புக்கென்று வைத்திருப்பவரின் எதிரி யாரென்று அவருக்கே தெரியாது. அது அந்நேரத்து அச்சம் தீர்மானிப்பது. கோடை வெயில், பியர், நெரிசல், அலை ஆட்டும் படகு, அடுத்த படகிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை. இவற்றின் நடுவே எடுக்கப்படும் தீர்மானம் அது. ஓடும் படகிலிருந்து சுடப்படும் ரவை எங்கே போய் முடியுமென்று சுடுபவருக்கே தெரியாது.

4. நாம் யார்?

இதுவே எனக்கு முக்கியமான பகுதி. மேற்படி ஏரி விதியை மீறினால் 5,000 டொலர் வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெரும்பாலும் தண்டச் சீட்டோடு போய்விடக்கூடிய சிறு குற்றந்தான். ஒரு பிரசை பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் வேறொரு பிரிவு உண்டு. பிரசையல்லாத ஒருவர், நாட்டினுள் அனுமதிக்கப்பட்டபின் எக்காலத்திலாயினும், துப்பாக்கியைச் சட்டத்துக்கு மாறாக வாங்கியதற்கோ விற்றதற்கோ வைத்திருந்ததற்கோ கொண்டு சென்றதற்கோ எந்தச் சட்டத்தின் கீழும் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டால், அவர் நாடுகடத்தப்படத்தக்கவர். குற்றம் சிறிதா பெரிதா, எத்தனை நாள் தண்டனை என்ற அளவுகோல் அப்பிரிவில் இல்லை. "சின்ன ரிக்கெற் தானே" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டுமுன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டவேண்டும் என்பது இதனால்தான். சட்டபூர்வ வதிவிடம் இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம், வாங்கியவர் யாராயிருந்தாலும்.

எனது நாடான கனடாவில் சங்கதி இன்னும் இறுக்கமானது. கைத்துப்பாக்கி அங்கு கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதம். பாதுகாப்புக்கென்று உடம்பில் கொண்டு திரிய அனுமதி கிடைப்பது அரிதிலும் அரிது. 2022 ஐப்பசி 21 முதல் தனியாரிடையே கைத்துப்பாக்கி வாங்கல் விற்றலும் முடக்கப்பட்டது. துப்பாக்கிகளை எடுத்துச்செல்வது பற்றிய ஒழுங்குவிதிகளில் வாகனம் என்ற சொல் நிலம், நீர், ஆகாயம் மூன்றிலும் செல்வதைக் குறிக்கிறது; வேட்டைத் துவக்கும் வெறுமையாகவே எடுத்துச் செல்லப்படவேண்டும். 10 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தீர்ப்பு வந்தால் நிரந்தர வதிவாளர் நாட்டில் இருக்கும் தகுதியை இழக்கலாம். அனுமதியின்றி ரவை நிரப்பிய கைத்துப்பாக்கியை வைத்திருத்தல் அத்தகைய குற்றம்.

கனடியக் குற்றவியற் கோவையில் இன்னொன்றும் உண்டு. அனுமதியில்லாத இத்தகைய துப்பாக்கி ஒரு மோட்டார் வாகனத்தில் இருப்பது தெரிந்தும் அதில் பயணஞ்செய்பவர், அது தன்னுடையதல்லவென்றாலும், குற்றவாளியாகலாம். தெரிந்தவுடன் இறங்கியவருக்கும், இயன்றவரை இறங்க முயன்றவருக்கும் விலக்கு உண்டு. படகுக்கும் இது பொருந்துமா என்ற வாதத்தை நீதிமன்றில் முதன்முதல் நடத்துபவனாக நான் இருக்க விரும்பவில்லை. ஏரி நடுவில் இறங்கவும் முடியாது.

5. தம்பியின் வாதமும் எனதும்

அன்று காலை சரிவுப்பாதையில் நின்று அரை மணி நேரம் வாதாடினோம். அவன் கடைசியாகச் சொன்னது என்னைத் தொட்டது. "அண்ணை, நாங்கள் கிளாலியிலை வெறுங்கையோடை வள்ளத்திலை இருந்தம். அதை நீங்கள் மறந்திட்டியள்."

மறக்கவில்லை. 1992 கடைசியில் நானும் அந்த நீரேரியை இரவில் கடந்தவன். ஒரு வள்ளத்தில் இருபது பேருக்கு மேல், விளக்கில்லாமல், குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு. சில நாட்களில், 1993 தை 2 ஆம் திகதி, அதே நீரில் கடற்படை பயணிகளைச் சுட்டுக் கொன்றது. வெறுங்கை என்றால் என்னவென்று எனக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த இரவில் என் மடியில் ஒரு கைத்துப்பாக்கி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கடற்படையின் பீரங்கிக்கு முன் அது ஒன்றுமில்லை. இயக்கத்தின் சோதனையில் அது அகப்பட்டிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். நம்மைச் சுற்றித் துவக்கு குறைவாயிருந்ததால் நாம் சாகவில்லை. துவக்கு வைத்திருந்த எவரையும் கேள்வி கேட்க ஒரு சட்டம் இல்லாததால் செத்தோம்.

தம்பியின் பக்கத்துக்கும் வரலாறு உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. லனியர் ஏரியின் மேற்குக் கரை போர்சைத் கவுண்டி. 1912 இல் அங்கு வாழ்ந்த 1,000க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை ஆயுதந் தாங்கிய வெள்ளையர் இரவிரவாக மிரட்டித் துரத்தினார்கள். அவர்கள் விட்டுப்போன நிலங்களிற் சில பிற்காலத்தில் இந்த ஏரிக்குள் மூழ்கின. அரசு காக்காத இடத்தில் கறுப்பினத்தவர் தம்மைத் தாமே காக்கத் துவக்கு வைத்திருக்கவேண்டும் என்று ஐடா வெல்ஸ் 1892 இலேயே வாதித்தவர். இந்த வாதத்தை எளிதில் மறுக்க என்னால் முடியவில்லை. ஆனால் அவர் பேசியது, சட்டம் ஒரு நிறத்தவரின் கையில் மட்டும் இருந்த காலத்தைப் பற்றி. தம்பி நின்ற இடத்தில் பலகை எல்லோருக்கும் ஒன்றையே சொன்னது. அதை அவன் மீறினால் அடுத்த படகிலிருந்த வெள்ளையர் தண்டம் கட்டுவார், இவனோ நாட்டையே இழக்கக்கூடும். பாதுகாப்புக்கென்று கொண்டுவந்த பொருள்தான் அவனது வாழ்வில் அந்நேரத்து மிகப் பெரிய ஆபத்து.

இதைச் சொன்னபோதுதான் அவன் பேசாமல் நின்றான். பிறகு, "சரி, காருக்குள்ளை வைச்சிட்டு வாறன்" என்றான். அதுவும் முடியாது. வாகனத் தரிப்பிடமும் பொறியியற் படையின் காணிதான். விதி நீருக்கும் நிலத்துக்கும் ஒன்று. படகைக் கரையில் கட்டி, என்னையும் பிள்ளைகளையும் மரநிழலில் விட்டுவிட்டு, நாற்பது நிமிட ஓட்டத்தில் வீட்டுக்குப் போய் வைத்துவிட்டு வந்தான். காலைப்பொழுது அதிலேயே போனது. பிள்ளைகள் என்மேல் கோபமாயிருந்தன.

திரும்பிவந்து படகைத் தள்ளும் நேரத்தில் பொறியியற் படையின் காவலர் ஒருவர் வந்தார். பிள்ளைகள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கிறார்களா என்று பார்த்தார். 13 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓடும் படகில் அதைப் போட்டேயாகவேண்டும் என்பது ஜோர்ஜியாவின் சட்டம். பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. சின்னவளின் அங்கிப் பட்டியை இறுக்கிவிட்டுப் போனார். என் கண் பழக்கத்தில் அவரது இடுப்புக்குப் போனது. அங்கே தொடர்புக் கருவி இருந்தது, துப்பாக்கி இல்லை. இப்படையின் ஏரிக் காவலர்கள் சீட்டெழுதும் அதிகாரம் உள்ளவர்கள், ஆனால் துப்பாக்கி தரித்தவர்கள் அல்லர் என்பதைப் பின்னரே அறிந்தேன். விதியை எதிர்ப்போர் இதையே தங்கள் வாதமாக வைக்கிறார்கள்: காவலரிடமே இல்லையென்றால் எங்களை யார் காப்பது? எனக்கோ, இராணுவம் ஒன்றின் பெயரால் ஒருவர் நீரோரத்தில் என்னை நெருங்கி வந்து, என் வயிறு கலங்காமல் திரும்பிப் போனது அதுதான் முதல் தடவை.

சுருக்கிச் சொன்னால், துப்பாக்கியோடு படகேற எண்ணும் நம்மவர் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளவேண்டும். இந்த நீரும் கரையும் யாருடைய நிர்வாகம்? படகு ஓடுகிறதா, நிற்கிறதா? துவக்கு எதற்காக, அதில் ரவை உண்டா? கடைசியாக, அதை வைத்திருக்கும் நான் இந்நாட்டில் யார்? முதல் மூன்றுக்கும் விடை பிழைத்தால் தண்டத்தோடு போகலாம். நான்காவதை மறந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை.

தம்பி இன்னமும் தன் கருத்தை மாற்றவில்லை. இக்கட்டுரையை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். மறுப்பு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். எழுதினால் இந்தப் பக்கங்களிலேயே வரட்டும்.